செல்ஃப் அடிக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை: ஸ்பார்க் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை

திருகோணமலை உவர்மலையில் நாங்கள் இருந்த காலத்தில் எங்களிடம் எண்பதுகளின் கொரோலா ஒன்று இருந்தது. ஒரு கார்த்திகை மாதம், மூன்று நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு காலையில் திறப்பைத் திருப்பினால் செல்ஃப் நன்றாக அடிக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. கராஜுக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். முதல் நாள் நான்கு பிளக்கையும் மாற்றினார்கள். அடுத்த நாள் கொயில். அதற்கடுத்து, கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து பஸ்ஸில் போட்டு எடுப்பித்த ரீகண்டிஷன் இக்னைட்டர். மூன்றுக்கும் காசு போனது, கார் அசையவில்லை.

பிறகு ஒரு வயதான ஐயா வந்து பார்த்தார். அவர் கையில் இருந்தது ஒரு சின்னப் பல்பும் இரண்டு முழ வயரும்தான். பல்பின் ஒரு முனையைப் பற்றரியின் பிளஸ்ஸில் கவ்வவிட்டு, மற்ற முனையை இக்னைட்டரின் உடம்பில் வைத்தார். பல்ப் எரியவில்லை. "தம்பி, இதுக்கு எர்த்தே இல்லை. புதுசு போட்டு என்ன செய்யிறது?" என்றார். இக்னைட்டரை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு திருகுகளையும் கழற்றினால், தகட்டுக்கும் அதற்கும் நடுவே துருவும் வெண்பொடியும். சாண்ட் பேப்பரால் சுரண்டித் திரும்பப் பூட்டினார். முதல் அடியிலேயே பிடித்தது.

அன்றைக்கு அவர் செய்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். பொருளை மாற்றிப் பார்ப்பது பரிசோதனை ஆகாது. பிளக்கில் இருந்து பின்னோக்கி ஒவ்வொரு கட்டமாக நடந்து, ஸ்பார்க் எந்த இடத்தில் காணாமல் போகிறது என்று பார்ப்பதுதான் பரிசோதனை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய கார்களைத் தேற்றித்தான் ஊர் ஓடியது. இன்னமும் அவற்றில் நிறைய நம் தெருக்களில் ஓடுகின்றன. முப்பது வயதுக் காருக்குத் தவறான பொருளை வாங்குவது வெறும் நட்டம்.

தொடங்க முன் ஒன்று. இது பெற்றோல் கார்களுக்கான வழி. டீசலுக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அக்வா, பிரியஸ், வெசல் போன்ற ஹைபிரிட் காரில் செம்மஞ்சள் நிற வயர் ஓடுவதைக் கண்டால் கைவைக்க வேண்டாம். அதில் ஓடுவது 100 வோல்ட்டுக்கு மேல். அந்த வேலை பழகியவரிடம் விட்டுவிடுங்கள்.

ஸ்பார்க் எப்படிப் பிறக்கிறது

இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். கொயிலுக்குள் இரண்டு சுருள். ஒன்று தடித்த கம்பியில் சில நூறு சுற்று. மற்றது மயிர் போன்ற கம்பியில் பல்லாயிரம் சுற்று. திறப்பை ஓன் செய்ததும் தடித்த சுருளின் ஒரு முனைக்குப் பற்றரியின் 12 வோல்ட் வந்து நிற்கும். மறுமுனையை எர்த்துடன் சேர்ப்பதும் பிரிப்பதும் இக்னைட்டரின் வேலை. சேர்க்கும்போது சுருளில் மின்னோட்டம் ஏறிக் காந்தப்புலம் உண்டாகும். சட்டென்று பிரித்ததும் அந்தப் புலம் சரியும். வேகமாக ஓடுகிற தண்ணீர்க் குழாயைப் பட்டென்று மூடினால் குழாய் டமார் என்று அதிருமே, அந்த மாதிரி. முதல் சுருளில் சில நூறு வோல்ட்டும், மெல்லிய சுருளில் 20,000 முதல் 40,000 வோல்ட் வரையும் எழும். அதுதான் பிளக்கின் நுனியில் பாய்கிறது.

பழைய கார்களில் இந்தச் சேர்ப்பு-பிரிப்பைப் பொயின்ட் என்னும் ஒரு சோடி தொடுமுனை செய்தது. அது தேயும், கருகும், இடைவெளியை அடிக்கடி சரிசெய்ய வேண்டும். அமெரிக்காவில் கிறைஸ்லர் கம்பனி 1973இல் தன் கார்களுக்கெல்லாம் பொயின்டை விட்டு எலக்ட்ரோனிக் முறைக்கு மாறியது. ஜப்பான்காரரும் அந்த வழியில் வந்தார்கள். பொயின்டின் இடத்தில் இப்போது இக்னைட்டருக்குள் ஒரு டிரான்சிஸ்டர். எப்போது பிரிக்க வேண்டும் என்று அதற்குச் சொல்வது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (உள்ளே சுழலும் ரோட்டர் என்ற கையால் ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் சாதனம்) இருக்கும் பிக்அப் கொயில், அல்லது எஞ்சின் தண்டின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சரைக் கேட்டுச் சொல்லும் கொம்பியூட்டர் பெட்டி.

ஆகவே ஸ்பார்க் வர ஐந்து காரியம் நடக்க வேண்டும்: கொயிலுக்கு 12 வோல்ட், இக்னைட்டருக்கு எர்த், "இப்போது பிரி" என்ற சைகை, நல்ல கொயில், கொயிலில் இருந்து பிளக் வரை ஒழுக்கு இல்லாத பாதை. நாம் தேடப்போவது இந்த ஐந்தில் எது இல்லை என்பதைத்தான்.

கைவைக்க முன்

பொயின்ட் காலத்து ஆட்கள் பிளக் வயரைக் கழற்றி எஞ்சின் தகட்டுக்குக் கிட்டப் பிடித்து, "பார், எப்படிப் பாயுது" என்று காட்டுவார்கள். சிலர் ஓடுகிற எஞ்சினிலேயே வயரை இழுத்துப் பார்ப்பார்கள். எலக்ட்ரோனிக் முறை உள்ள காரில் இதைச் செய்யவே கூடாது. அடி பலமாக விழும் என்பது ஒன்று. மற்றது, பாய வழியில்லாத 30,000 வோல்ட் சும்மா இருக்காது. கொயிலின் உட்காப்பைத் துளைத்துக்கொண்டோ ரோட்டரைத் துளைத்துக்கொண்டோ வழி தேடும். இக்னைட்டரும் அதில் போகலாம். பழுது பார்க்கப் போய் இரண்டாவது பழுதை உண்டாக்கிய கதைகளில் பாதி இதுதான். எப்போது ஸ்பார்க் பார்த்தாலும், அது பாய்ந்துபோக எர்த்துக்கு ஒரு நல்ல வழியை முதலில் கட்டிக் கொடுத்துவிடுங்கள்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலைக்குக் கிட்ட நிற்கக் கூடாது. சாரத்தோடு போனெட்டுக்குள் குனியாதீர்கள். பெல்ட்டும் ஃபானும் துணியைப் பிடித்தால் விடாது. ஹாண்ட் பிரேக் போட்டு, கியர் நியூட்ரலில், ஓட்டோ என்றால் பார்க்கில். பெற்றோல் மணம் அடித்தால் அது ஆறும் வரை ஸ்பார்க் வேலை வேண்டாம்.

இன்ஜெக்ஷன் கார் என்றால் எண்ணெய்ப் (பெற்றோல்) பம்பின் பியூஸை அல்லது ரிலேயைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் செல்ஃப் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் பெற்றோல் உள்ளே விழுந்து பிளக் நனையும். சைலன்சருக்கு முன்னால் உள்ள கற்றலிற்றிக் கொன்வேர்ட்டருக்கும் கேடு. கழற்றிய பியூஸை டாஷ்போர்டின் மேல், கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். பம்பை நிறுத்தினாலும் குழாயில் தேங்கிய அழுத்தத்தில் எஞ்சின் சில வினாடி பிடித்து ஓடிவிடலாம். கார்பரேட்டர் கார், ஒரு பிளக் வயரைக் கழற்றியிருந்தாலும், மற்ற மூன்று சிலிண்டரில் நன்றாகவே பிடித்து ஓடும். செல்ஃப் அடிக்க ஒருவர், பார்க்க ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். பார்ப்பவர் "அடி" என்று சொல்லாமல் திறப்பைத் திருப்பக் கூடாது.

சாமான் அதிகம் இல்லை. பிளக் ஸ்பானர், 10 மிமீ ஸ்பானர், முதலைக் கவ்வி வைத்த வயர் ஒன்று, 12 வோல்ட் டெஸ்ட் பல்ப், ஒரு சாதாரண மல்டிமீற்றர், உங்கள் காருக்கான நல்ல பிளக் ஒன்று உபரியாக. இடைவெளியை மாற்றக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் பார்ப்பவை

செல்ஃப் அடிக்கும் வேகம் எப்படி? பற்றரி சோர்ந்திருந்தால் எஞ்சின் சுழலும், ஆனால் ஸ்பார்க்குக்கு வேண்டிய வலு மிஞ்சாது. மீற்றரைப் பற்றரியில் வையுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்த பற்றரி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் முதலில் பற்றரியைச் சார்ஜ் செய்துவிட்டுத்தான் மற்றது. சோர்ந்த பற்றரியோடு எடுத்த எந்த அளவையும் நம்ப முடியாது.

இன்ஜெக்ஷன் காரில், திறப்பை ஓன் செய்ததும் செக் எஞ்சின் லைட் எரிகிறதா? எரியாவிட்டால் கொம்பியூட்டர் பெட்டிக்கே கரன்ட் போகவில்லை. பியூஸ் பெட்டிக்குப் போங்கள். திறப்புப் படம் போட்ட லைட் விட்டுவிட்டு மின்னினால் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புக் கருவி) திறப்பை அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். அது ஸ்பார்க்கையோ எண்ணெயையோ வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கும்.

செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் வழக்கத்தை விட லேசாக, தடங்கலே இல்லாமல் சர்ரென்று சுழல்கிறதா? டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள காரில் இதைப் பார்ப்பது சுலபம்: மூடியைக் கழற்றிவிட்டுச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ரோட்டர் சுற்றாவிட்டால் இது ஸ்பார்க் பழுதே இல்லை. இதைப் பார்க்காமல் கொயில் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக, நிறையத் தடவை செல்ஃப் அடித்த பிறகு பிளக் ஒன்றைக் கழற்றி மணந்து பாருங்கள். பெற்றோலில் நனைந்திருந்தால் எண்ணெய் வருகிறது, ஸ்பார்க் மேல்தான் சந்தேகம். எலும்பு போல் காய்ந்திருந்தால் எண்ணெய்ப் பக்கமும் பார்க்க வேண்டும். இதைப் பம்ப் பியூஸைக் கழற்ற முன் செய்யுங்கள்.

பிளக்கில் பார்ப்பது

எஞ்சினில் இருக்கும் பிளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும். கழற்றினால் அந்தத் துளையால் பெற்றோல் ஆவி வெளியே ஊதும். பக்கத்திலேயே ஸ்பார்க் பாய்ந்தால் தீப்பிடிக்கும். பிளக் வயரை மட்டும், றப்பர் மூடியைப் பிடித்து, முறுக்கி இழுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே அறுந்துவிடும். உபரிப் பிளக்கை அதில் செருகுங்கள். பிளக்கின் மரை உள்ள உலோக உடம்பைக் கவ்வி வயரால் கவ்வி, மறுமுனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத சுத்தமான உலோகத்தில் மாட்டுங்கள். எங்காவது அசையாமல் படுக்க வைத்துவிட்டுக் கையை எடுங்கள். பிளக்கைக் கையில் பிடிக்க வேண்டாம்.

இப்போது இரண்டு மூன்று வினாடி செல்ஃப். நீலம் கலந்த வெள்ளையில், டிக் டிக் என்ற சத்தத்தோடு பாய்ந்தால் நல்லது. மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ, நூல் போல், சத்தமில்லாமல் பாய்ந்தால் பலவீனம். நம் ஊர் மத்தியான வெயிலில் நல்ல ஸ்பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது. நிழலுக்குள் தள்ளிவிட்டோ பின்னேரம் மங்கின பிறகோ பாருங்கள். "ஸ்பார்க் இல்லை" என்று வெயிலில் நின்று தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம்.

பலரும் ஏமாறும் இடமும் இதுதான். வெளிக் காற்றில் ஒரு மில்லிமீற்றரைத் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் போதும். பிளக்கின் இடைவெளி 0.8 முதல் 1.1 மிமீ வரை. ஆக, வெளியே பிடித்துப் பார்க்கும்போது மூவாயிரத்துச் சொச்சம் வோல்ட் இருந்தாலே அழகாகப் பாயும். சிலிண்டருக்குள் கதை வேறு. அங்கே காற்று நெருக்கப்பட்டிருக்கிறது. அதே இடைவெளியைத் தாண்ட 10,000 வோல்ட்டும் அதற்கு மேலும் தேவைப்படும். வெளியே பாய்ந்த ஸ்பார்க் உள்ளே பாயாமல் போவது இதனால்தான். "ஸ்பார்க் வருது, அதனால கொயில் நல்லம்" என்ற முடிவு பாதிதான் சரி. இடைவெளியை மாற்றக்கூடிய டெஸ்டரை 6 மிமீ அளவுக்கு விரித்துவிட்டு அதையும் தாண்டிப் பாய்ந்தால்தான் கொயிலை நம்பலாம். டெஸ்டர் இல்லாதவர்கள் பழைய பிளக் ஒன்றின் வளைந்த பக்கக் கம்பியை வெட்டிவிட்டுப் பாவிக்கலாம். அப்போது ஸ்பார்க் நடு முனையில் இருந்து சுற்றியுள்ள விளிம்புக்குத் தாவ வேண்டும். தூரம் சில மில்லிமீற்றர், அதற்குத் தக்க வோல்ட்டும் வேண்டும்.

நான்கு வயரையும் இப்படிப் பாருங்கள். விடை மூன்று விதமாக வரும். நான்கிலும் பலமாகப் பாய்ந்தால் ஸ்பார்க்கை விடுங்கள். எண்ணெய், டைமிங், கொம்பிரஷன் பக்கம் போங்கள். ஒன்றிரண்டில் மட்டும் இல்லாவிட்டால் அந்த வயரோ மூடியோ. ஒன்றிலுமே இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில், அதாவது ரோட்டருக்கோ கொயிலுக்கோ அதற்கும் பின்னாலோ பழுது.

மூடி, ரோட்டர், வயர்

மாரி காலத்தில் திருகோணமலையில் காலையில் பிடிக்க மறுக்கும் பழைய கார்களில் கணிசமானவை இந்தக் கட்டத்திலேயே தீரும். வடகீழ்ப் பருவ மழை தொடங்கியதும் மூடிக்குள் ஈரம் படரும். கடலோரம் என்றால் அந்த ஈரத்தில் உப்பும் இருக்கும். உப்பு ஈரம் மின்சாரத்துக்கு ராசபாட்டை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்துக் கார் நிறுத்துகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். பென்சிலால் கீறியது போல் கருங்கோடு ஓடியிருந்தால், அந்தக் கோட்டின் வழியே ஸ்பார்க் ஒழுகுகிறது. துடைத்தாலும் திரும்ப வரும். மூடியை மாற்ற வேண்டியதுதான். நடுவில் ஸ்பிரிங்கில் நிற்கும் சின்னக் கரித்துண்டு இருக்கிறதா, அமர்த்தினால் எழும்புகிறதா என்று பாருங்கள். ரோட்டரின் நுனி எரிந்திருக்கிறதா, அதன் அடியில் குண்டூசித் துளை போல் கருகல் இருக்கிறதா? வெறும் ஈரம்தான் என்றால் காய்ந்த துணியால் துடைத்து வெயிலில் அரை மணித்தியாலம் வையுங்கள். பெற்றோல் நனைத்த துணியால் துடைக்க வேண்டாம்.

வயர்களை மீற்றரால் ஓம் அளவில் பாருங்கள். டொயோட்டாவுக்கு ஒரு வயர் 25,000 ஓமைத் தாண்டக் கூடாது. மற்றக் கார்களிலும் நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றில் இருந்து வெகுவாக விலகி நின்றால் அதுதான் குற்றவாளி. இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, கையை விலக்கி வைத்துக்கொண்டு பார்த்தால், ஒழுகும் வயரைச் சுற்றி நீல மினுக்கம் தெரியும். எலியும் அணிலும் கடித்த இடங்களையும் தேடுங்கள். கொட்டிலில் நிற்கும் காருக்கு இது அடிக்கடி நடக்கிறது.

இப்போது கொயிலில் இருந்து மூடியின் நடுவுக்கு வரும் வயரின் முனையில் உபரிப் பிளக்கை மாட்டி அதே முறையில் பாருங்கள். இங்கே பலமாகப் பாய்ந்து பிளக் வயர்களில் பாயாவிட்டால் மூடியும் ரோட்டரும்தான். இங்கேயும் இல்லாவிட்டால் இன்னும் பின்னுக்குப் போக வேண்டும். 110 கொரோலா போன்ற சிலவற்றில் கொயிலும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே இருக்கும். அவற்றில் இந்த நடு வயர் இருக்காது, அடுத்த கட்டத்துக்கு நேரே போங்கள்.

கொயிலும் இக்னைட்டரும்: பல்ப் சொல்லும் கதை

டெஸ்ட் பல்பின் கவ்வியைப் பற்றரி மைனஸில் மாட்டி, நுனியைக் கொயிலின் பிளஸ் முனையில் வையுங்கள். திறப்பு ஓன். பல்ப் பிரகாசமாக எரிய வேண்டும். செல்ஃப் அடிக்கும்போதும் அணையக் கூடாது. சில இக்னீஷன் சுவிட்சுகள் தேய்ந்து, ஓன் நிலையில் கரன்ட் கொடுத்துவிட்டு, ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பும்போது மட்டும் விட்டுவிடும். அப்படிப்பட்ட கார் திறப்பில் இருந்து கையை விடும் கணத்தில் ஒரு தடவை பிடிக்கப் பார்க்கும். அந்த அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ்ஸில் கரன்ட் வந்தால், அடுத்தது மைனஸ். பல்பின் கவ்வியைப் பற்றரி பிளஸ்ஸுக்கு மாற்றி, நுனியைக் கொயிலின் மைனஸ் முனையில் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். உலோக நுனியில் விரல் படக் கூடாது. அந்த முனையில் சில நூறு வோல்ட் துடிக்கும். பல்ப் விட்டுவிட்டு மின்னினால் இக்னைட்டர் சேர்த்துப் பிரித்துக்கொண்டிருக்கிறது, சைகையும் வருகிறது. அப்படியும் ஸ்பார்க் இல்லையென்றால் கொயில்தான். பல்ப் மின்னாவிட்டால் கொயிலைக் குற்றம் சொல்ல வேண்டாம். இக்னைட்டர், அதன் எர்த், அதற்கு வரும் சைகை, இந்த மூன்றில் ஒன்று.

கொயிலை உறுதிப்படுத்த மீற்றர் உதவும். வயர்களைக் கழற்றிவிட்டு பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே அளந்தால், எலக்ட்ரோனிக் கார்களில் பெரும்பாலும் அரை ஓமில் இருந்து இரண்டு ஓம் வரை. இவ்வளவு சின்ன அளவில் மீற்றரின் சொந்த வயரே ஏமாற்றும். முதலில் இரண்டு நுனியையும் ஒன்றாகத் தொட்டு வரும் எண்ணைக் கழித்துவிடுங்கள். பிளஸ்ஸுக்கும் நடுத் துளைக்கும் இடையே பல ஆயிரம் ஓம் வர வேண்டும். உங்கள் காரின் சரியான எண் அதன் சேர்விஸ் புத்தகத்தில் இருக்கும். மீற்றர் "சரி" என்று சொல்லியும் கொயில் பழுதாக இருக்கலாம், ஏனென்றால் மீற்றர் அனுப்புவது ஒன்றரை வோல்ட்டோ என்னவோ. 30,000 வோல்ட்டில் உடைகிற காப்பு அதற்குத் தெரியாது.

இனி எர்த். ஐயா செய்தது போல், பல்பின் கவ்வி பற்றரி பிளஸ்ஸில், நுனி இக்னைட்டரின் உலோக உடம்பில். பற்றரி மைனஸில் நுனியை வைத்தால் எவ்வளவு பிரகாசமோ அதே பிரகாசம் இங்கேயும் வர வேண்டும். மங்கினாலோ எரியாவிட்டாலோ திருகைக் கழற்றிச் சுரண்டுங்கள். அந்தக் காலத்து டொயோட்டாக்கள் பலவற்றில் இக்னைட்டர் கொயில் பிடிக்கும் தகட்டோடு பூட்டியிருக்கும்; தனி எர்த் வயர் இல்லை, அந்தத் திருகுதான் எர்த். உள்நாட்டில், மலைநாட்டில் இருபது வருடம் தாங்குகிற அந்தத் திருகு, நம் டச் பே கடற்காற்றில் அவ்வளவு தாங்காது. நம் ஊரில் ஸ்பார்க் இல்லாத காரில் நான் முதலில் பார்ப்பது இப்போது இதைத்தான். எஞ்சினில் இருந்து காரின் உடம்புக்கும், பற்றரி மைனஸுக்கும் போகும் தடித்த எர்த் பட்டியையும் கழற்றிப் பாருங்கள்; வெளியே பளபளப்பாக இருந்து உள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். சுத்தம் செய்து இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் கிறீஸ் தடவுங்கள்.

எர்த்தும் சரி, கரன்ட்டும் சரி என்றால் பிக்அப் கொயில். இது ஒரு காந்தமும் சுருளும். பற்கள் உள்ள சில்லு ஒன்று அதன் முன்னால் சுழலும்போது சின்ன மின்துடிப்பு எழும். அதன் இரண்டு வயரையும் கழற்றி ஓம் பார்த்தால் சில நூறு வர வேண்டும். முடிவிலி என்றால் அறுந்துவிட்டது. பிறகு மீற்றரை ஏசி வோல்ட்டில் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். எண் துள்ள வேண்டும். அரை வோல்ட் மட்டில் வந்தாலே உயிர் இருக்கிறது. பல்லுக்கும் பிக்அப்புக்கும் இடையே டொயோட்டாவில் 0.2 முதல் 0.4 மிமீ இடைவெளி. காந்தம் என்பதால் இரும்புக் கேஜ் ஒட்டிக்கொண்டு பிழையாகக் காட்டும். பித்தளைக் கேஜ் பாவியுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்து பல்ப் மட்டும் மின்னாவிட்டால்தான் இக்னைட்டர் வாங்கக் கொழும்புக்குச் சொல்லிவிட வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று. பல்ப் இழுக்கும் மின்னோட்டத்தைக் கொம்பியூட்டர் பெட்டியின் மெல்லிய சைகை வயர்கள் தாங்காது. கொயிலின் இரண்டு முனை, எர்த், பியூஸ் இவற்றுக்கு மட்டும் பல்ப். பெட்டிக்குப் போகும் வயர்களுக்கு மீற்றர்தான்.

பிளக்கின் மேலேயே கொயில் இருந்தால்

121 கொரோலா, விட்ஸ், அக்சியோ போன்றவற்றில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு கொயில், அதற்குள்ளேயே இக்னைட்டர். 10 மிமீ போல்ட் ஒன்றைக் கழற்றினால் கையோடு வரும். இதை ஓம் மீற்றரால் பார்த்துப் பயனில்லை. உள்ளே மின்னணுச் சுற்று இருக்கிறது.

எஞ்சின் ஓடுகிறது, ஆனால் ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் தப்புகிறது என்றால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒன்றாம் கொயிலை மூன்றாவதிலும் மூன்றாவதை ஒன்றிலும் போடுங்கள். தப்புகிற இடமும் மூன்றுக்கு மாறினால் கொயில்தான். ஒன்றிலேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர் அல்லது வயர். பொருளை மாற்றுவது பரிசோதனை ஆவது இந்த ஒரு இடத்தில் மட்டும், காசு கொடுக்காமல் செய்வதால். காரின் பழுதுக் குறியீட்டை வாசிக்கும் ஓபிடி ஸ்கானர் இருந்தால் இன்னும் சுலபம்: பி 0301 முதல் பி 0304 வரை எந்தச் சிலிண்டர் தப்புகிறது என்று சொல்லும், பி 0351 முதல் பி 0354 வரை எந்தக் கொயிலின் சுற்று என்று சொல்லும்.

ஸ்பார்க் பார்க்க வேண்டுமென்றால் கொயிலைக் கழற்றி, அதன் வயரை மாட்டியபடியே வைத்து, உபரிப் பிளக்கைச் செருகி, பிளக்கின் உடம்பை எர்த் செய்யுங்கள். பம்ப் பியூஸ் வெளியே இருக்கட்டும். கை எட்டினால் இன்ஜெக்டர் சொக்கட்டுகளையும் கழற்றிவிடுங்கள்.

நான்கிலுமே ஸ்பார்க் இல்லையென்றால் நான்கு கொயிலும் ஒரே நாளில் சாகவில்லை. கொயில்களுக்குப் பொதுவான பியூஸ், ரிலே, பொது எர்த், கிராங்க் சென்சர் ஆகியவற்றைப் பாருங்கள். கிராங்க் சென்சருக்கு பி 0335, காம் சென்சருக்கு பி 0340. டொயோட்டாவின் நான்கு வயர்க் கொயிலில் ஒரு வயர் 12 வோல்ட், ஒன்று எர்த், ஒன்று பெட்டி அனுப்பும் 5 வோல்ட் கட்டளை, மற்றது "ஸ்பார்க் கொடுத்துவிட்டேன்" என்று கொயில் பெட்டிக்குச் சொல்லும் பதில். இந்தப் பதில் வராவிட்டால் பெட்டி எண்ணெயையும் நிறுத்திவிடும். அதனால் ஸ்பார்க் பழுது எண்ணெய்ப் பழுது போல் வேடம் போடும். பம்ப் மாற்றுகிற வேலையில் இறங்க முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சூட்டில் மட்டும் வரும் பழுது

கச்சான் வீசும் மாதங்களில் இது வரும். வீட்டில் நன்றாகப் பிடிக்கும் கார், கந்தளாய் தாண்டி ஹபறணைக் காட்டு வழியில் போகும்போது சட்டென்று அணையும். அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்தால் ஒன்றுமே நடக்காதது போல் பிடிக்கும். கராஜுக்குப் போனால் பழுது காட்டாது. இக்னைட்டர், பிக்அப் கொயில், கிராங்க் சென்சர் ஆகியவை சூடேறி உள்ளே அறும்போது இப்படித்தான் நடக்கும். ஆறியதும் திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஆறிய பிறகு எடுத்த அளவு எதையும் சொல்லாது. அணைந்த உடனே, சூட்டோடு பார்க்க வேண்டும். அதற்காகத்தான் உபரிப் பிளக்கும் கவ்வி வயரும் பல்பும் எப்போதும் காரின் கபேட்டில் இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். அணைந்ததும் கொயில் மைனஸில் பல்பை வையுங்கள். மின்னாவிட்டால் சந்தேகப்படும் பொருளின் மேல் ஈரத் துணியைப் போட்டு ஆறவிட்டு மறுபடி பாருங்கள். எது ஆறியதும் பல்ப் மின்னத் தொடங்குகிறதோ அதுதான். அந்த வழியில் பொழுது சாயும் நேரம் யானை நிற்கும். அப்போது இறங்கிப் போனெட் திறக்காமல், ஆட்கள் உள்ள இடம் வரை இழுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

திரும்பப் பூட்டுவது

பிளக் எதையாவது கழற்றியிருந்தால் முதலில் கையால் முழுதும் இறுக்குங்கள். ஸ்பானரால் தொடங்கினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும். புதுப் பிளக்குக்குக் கையால் நின்ற இடத்தில் இருந்து அரைச் சுற்று. ஏற்கெனவே இருந்த பிளக் என்றால் வொஷர் நசுங்கியிருக்கும், அதனால் ஒரு சின்ன இழுப்பே போதும். பிளக் வயர்களைக் கழற்றிய ஒழுங்கிலேயே, டொக் என்று உட்காரும் வரை செருகுங்கள். கழற்ற முன் ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் இந்த இடத்தில் உதவும். இன்ஜெக்டர் சொக்கட்டுகள், எர்த் பட்டி, மூடியின் கிளிப்புகள். பிறகு டாஷ்போர்டில் வைத்த பம்ப் பியூஸ். திறப்பை ஓனில் இரண்டு வினாடி வைத்து, பின் சீட்டுக்கு அடியில் பம்ப் ரீங்காரமிடும் கார் என்றால் அதைக் கேட்டுவிட்டு, அதன் பிறகு செல்ஃப் அடியுங்கள்.